ஆப்பிளுக்குப் போட்டி வந்தால் ஓசூருக்கு என்ன? தொழில் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழில் துறை அமைச்சருக்கும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

ஓசூர் சிப்காட்டில் ஜிக், ஃபிக்ஸர் (வேலை நடக்கும்போது உதிரிபாகத்தை அசையாமல் பிடித்து வைக்கும் சாதனங்கள்) செய்து கொடுக்கும் சின்னப் பட்டறை என்னுடையது. ஆப்பிளின் வியாபாரத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். பெரிய கம்பெனிக்கு ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை இல்லாமல் உட்காருவது எங்களைப் போன்றவர்கள்தான். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

உத்தனப்பள்ளி பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஐபோனுக்கு மேல்கூடு செய்கிறது. வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முன்பெல்லாம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும்தான் பிழைக்கப் போவார்கள். இப்போது சொந்த மாவட்டத்திலேயே சம்பளம் கிடைக்கிறது. நல்ல விஷயம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை.

ஆனால் ஆப்பிளின் வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஐபோன் ஒன்றிலிருந்து வருகிறது. 2023 ஆகஸ்டில் சீனக் கம்பெனி ஹுவாவே மேட் 60 ப்ரோ போனைச் சொந்தச் சிப்போடு இறக்கியது. அடுத்த நிதியாண்டில் ஆப்பிளின் சீன விற்பனை சுமார் 8 சதவீதம் சரிந்தது. என்னைக் கேட்டால் ஹுவாவே பெரிய பயமில்லை, அது ஏறும் இறங்கும். செயற்கை நுண்ணறிவு பக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. 2024 ஜூனில் அறிவித்த புதிய சிரியை, அதாவது ஐபோனில் பேச்சுக்குப் பதில் சொல்லும் உதவியாளரை, ஆப்பிள் 2025 மார்ச்சில் தள்ளிப்போட்டது. அதற்கு இரண்டே மாதத்தில், ஐபோனின் வடிவத்தை உருவாக்கிய ஜோனி ஐவ் தொடங்கிய கருவி நிறுவனத்தை சுமார் 650 கோடி டாலருக்கு வாங்குவதாக சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ அறிவித்தது. அவர்கள் செய்யப்போகும் கருவிக்கு அலுமினியக் கூடே தேவைப்படாமல் போகலாம்.

போட்டியாளர் கூட வேண்டாம். 2023-ல் ஐபோன் ப்ரோ மாடலுக்கு டைட்டானியம் என்றார்கள், 2025-ல் அலுமினியம் என்றார்கள். டைட்டானியத்தை வெட்டும் டூல் வேறு, ஓட்டும் வேகம் வேறு. கலிஃபோர்னியாவில் ஒரு முடிவு எடுத்தால் இங்கே மெஷின் வரிசையே மாற வேண்டியிருக்கும்.

ஆப்பிள் நாளைக்கே விழுந்துவிடும் என்று சொல்லவில்லை. நோக்கியாவும் விழாது என்றுதானே இருந்தோம்? டார்ச் வைத்த 1100-ஐக் கையில் பிடிக்காத ஆள் எங்கள் பக்கம் குறைவு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை 2014 நவம்பர் 1-ல் நின்றது. வரி வழக்கு ஒரு காரணம்தான். ஆனால் அதற்கு முன்பே தொடுதிரை போன்கள் நோக்கியாவின் கதையை முடித்திருந்தன. ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே வந்தார்கள், பலருக்குத் தெரிந்ததெல்லாம் தன் லைனில் தன் இடத்து வேலை மட்டும்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு காலத்தில் அந்தப் போட்டியாளரே நீங்கள்தான். 1984-ல் உங்கள் துறையின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. அன்றைக்கு நாட்டில் வாட்ச் என்றால் மத்திய அரசின் எச்எம்டி. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் அவர்களிடமும் இருந்தது, ஆனால் சாவி கொடுக்கும் வாட்ச் என்றைக்கும் ஓடும் என்று நம்பினார்கள். ஓசூரிலிருந்து போன குவார்ட்ஸ் வாட்ச் அவர்களை ஓரங்கட்டியது. 2016-ல் மத்திய அரசே எச்எம்டி வாட்ச் பிரிவை மூட முடிவெடுத்தது. டைட்டனில் இன்றும் கால் பங்குக்கு மேல் டிட்கோ கையில் இருக்கிறது.

நான் சொல்ல வருவது அந்த வெற்றியை அல்ல. டைட்டன் பள்ளி முடித்த கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டிவந்து நுணுக்கமான வேலையை ஆரம்பத்திலிருந்து கற்றுக்கொடுத்தது. அதே வாட்ச் கம்பெனியிலிருந்து பிற்பாடு விமான உதிரிபாகமும் தானியங்கி இயந்திரமும் செய்யும் பிரிவு கிளைத்தது. செல்போன் வந்து வாட்ச் கட்டுகிறவர்கள் குறைந்த காலத்திலும் அந்தத் தொழில் கைவிடவில்லை.

என் அக்கா மகள் இங்கே ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருக்கிறாள். விளக்கு வெளிச்சத்தில் ஓரங்களைத் திருப்பித் திருப்பிப் பிசிறு பார்ப்பது வேலை. ஒருநாள் பட்டறைக்கு வந்தவள், என் பையன் லென்ஸ் வைத்துத் தேடிக்கொண்டிருந்த பிசிறை விரல் நுனி பட்டதுமே காட்டினாள். சரி, அளந்து சொல்லு என்று, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கும் மைக்ரோமீட்டரைக் கொடுத்தேன். "இதை எந்தப் பக்கம் மாமா திருப்பணும்?" என்றாள். அந்த விரலுக்கு இந்தக் கருவியைக் கற்றுக்கொடுக்க எத்தனை நாள் ஆகிவிடும்?

அடுத்த கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போது நிலம், மின்சாரம், மானியத்தோடு இதையும் எழுதுங்கள். இரண்டு வருடம் வேலை பார்த்த பெண்ணுக்கு அளவெடுக்கவும், வரைபடம் படிக்கவும், சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின்) புரோகிராம் போடவும் தெரிந்திருக்க வேண்டும். ஒரே ஸ்டேஷனில் வருடக்கணக்காக நிற்க வைக்கக் கூடாது. சான்றிதழை அரசின் திறன் மேம்பாட்டுக் கழகம் கொடுக்கட்டும், அப்போதுதான் அது டிவிஎஸ்ஸிலும் லேலண்டிலும் செல்லும். கம்பெனிகள் முதலில் முணுமுணுக்கும். மானியம் கொடுக்கிறவர் கேட்டால் செய்வார்கள்.

பயிற்சிக்கு மெஷின் இல்லை என்று யாராவது சொன்னால், என் பட்டறையின் இரண்டு சிஎன்சியும் ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் பில்லை மட்டும் நீங்கள் பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஓசூர் சிப்காட்டிலிருந்து ஒரு பட்டறைக்காரர்