அட்டையில் ஏறிய ஜெனரல்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் போனில் புலம்பினாயே, "அட்டை நான் போட்டது, புத்தகத்தில் எங்கேயும் என் பெயர் இல்லை" என்று. அன்று எனக்குப் பதில் தோன்றவில்லை. அப்புறம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் லெவி சேகரிப்பில் அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்து இசைத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது உன் நினைவு வந்தது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நீயும் போய்ப் பார்.

ரெக்கார்டும் ரேடியோவும் இல்லாத காலம். பாட்டு வேண்டுமென்றால் நோட்ஸ் வாங்கி வந்து வீட்டுப் பியானோவில் வாசிக்க வேண்டும். வாசித்தவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பெண்கள். கடையில் தாளைப் புரட்டினால் மெட்டு காதில் விழாது, கண்ணில் படுவது அட்டைதான். 1861-ல் போர் தொடங்கியதும் தளபதிகள் அந்த அட்டைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இன்னார் கிராண்ட் மார்ச், இன்னார் குயிக்ஸ்டெப், இன்னார் போல்கா என்று நடை மெட்டுக்கும் நடன மெட்டுக்கும் அவர்கள் பெயர்தான்! மெட்டை மட்டும் கேட்டால் எந்த ஜெனரல் என்று யாராலும் சொல்ல முடியாது.

வேலை நடந்த விதம் உனக்குப் பிடிக்கும். உள்பக்க நோட்ஸை உலோகத் தகட்டில் தட்டிப் பதிப்பார்கள். அட்டை லித்தோ, அதாவது கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் வரைந்து, கல்லை ஈரமாக்கி மை உருட்டினால் கோட்டில் மட்டும் மை ஒட்டும். படமும் எழுத்தும் இடவலம் மாற்றித்தான் வரைய வேண்டும். ஜெனரலின் வாள் எந்த இடுப்பில் தொங்குகிறது என்பதில் கொஞ்சம் கவனம் தப்பினாலும் தொலைந்தது. இதில் ஒரு வேடிக்கை: 1790களில் ஜெர்மனியில் அலோய்ஸ் செனஃபெல்டர் கல்லச்சை உருவாக்கியபோது, முதலில் அச்சிட்டு விற்றவற்றில் இசைத்தாள்களும் உண்டு. நோட்டுக்காக வந்த கல், அறுபது எழுபது வருஷத்தில் முகத்துக்குப் போய்விட்டது.

அதிகம் விலைபோன முகங்களில் ஒன்று வடக்குப் படைத் தளபதி ஜார்ஜ் மெக்லெல்லனுடையது. 1861 ஜூலையில் மேற்கு வர்ஜீனியாவில் சின்னதாக ஒரு வெற்றி. அதே மாதம் புல் ரன் என்ற இடத்தில் அரசுத் தரப்பான வடக்குப் படை தோற்று ஓடியதும், 34 வயதுக்காரரை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டார்கள். பத்திரிகைகள் 'இளைய நெப்போலியன்' என்றன. அவரும் கோட்டுக்குள் கையைச் செருகிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். பெரிய சண்டை எதுவும் நடக்கும் முன்பே அந்த வருஷமே அவர் பெயரில் மார்ச்சுகள் கடைக்கு வந்துவிட்டன. படம் ரிலீஸாகும் முன்பே கட் அவுட் வைத்த மாதிரி. 1862 செப்டம்பரில் ஆண்டீட்டமில் ஒரே நாளில் இரு பக்கமும் சேர்ந்து சுமார் 23,000 பேர் செத்தும் காயப்பட்டும் காணாமலும் போனார்கள். தெற்குத் தளபதி லீயின் படையைத் துரத்தாமல் விட்டதற்காக நவம்பரில் ஜனாதிபதி லிங்கன் இவரை நீக்கினார். 1864 ஜனாதிபதி தேர்தலில் லிங்கனையே எதிர்த்து நின்றபோது திரும்பவும் பாட்டுகள் வந்தன. கிடைத்தது 21 தேர்வாளர் ஓட்டு. லிங்கனுக்கு 212.

வடக்கின் இன்னொரு தளபதி யுலிஸஸ் கிராண்ட் பேரிலும் மார்ச்சுகள் உண்டு. அந்த மனிதருக்கு இசையே ஆகாது. எனக்கு இரண்டு மெட்டுதான் தெரியும், ஒன்று அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த யாங்கி டூடுல், இன்னொன்று அது இல்லாதது என்று அவர் சொன்னதாக ஒரு கதை இருக்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வின்ஸ்லோ ஹோமர் என்ற ஓவியரை உனக்குத் தெரியும். அவர் போருக்கு முன் பாஸ்டனில் பஃபர்ட் என்பவரின் லித்தோ பட்டறையில் தொழில் பழகும் பையனாக இருந்து இசைத்தாள் அட்டைகள் வரைந்தவர். 21 வயதில் வெளியே வந்தார். 1862-ல் ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற பத்திரிகைக்காக மெக்லெல்லனின் படையோடேயே போனார். போனவர் மனதில் நின்றது தளபதி இல்லை. மரக்கிளையில் உட்கார்ந்து குறிபார்க்கும் ஒரு சிப்பாயை வரைந்தார், இன்று எல்லோரும் அவர் பேரைச் சொல்லி எடுத்துக்காட்டுவது அந்த மாதிரிப் படங்களைத்தான்.

மற்றவர்கள் அப்படித் தப்பவில்லை. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் பட்டறையின் பெயர் இருக்கும், வரைந்தவன் பெயர் பல தாள்களில் கிடையாது. பியானோ வாசித்த அந்தப் பெண்கள் தங்கள் தாள்களைச் சேர்த்துப் பைண்டு பண்ணி வைத்ததால்தான் இத்தனை அட்டைகள் நமக்குக் கிடைத்தன. ஆனால் பைண்டர் ஓரத்தைச் சமமாக வெட்டும்போது, சிலவற்றில் அந்தப் பொடி எழுத்தும் போய்விட்டது.

புது அட்டை ஒன்று தபாலில் அனுப்பு. கையெழுத்தை ஓரத்தில் போடாதே.

உன் அண்ணன்