மணி என்ன, திசை என்ன என்று யாரும் கேட்கவில்லையே!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் இரவு நடைக்குப் போன ஒரு பெண்மணி கடலுக்கு மேலே மூன்று ஆரஞ்சு நிற விளக்குகளைப் பார்த்ததாகச் சென்ற ஞாயிறு இதழில் செய்தி வந்திருந்தது. நான்கு பத்திச் செய்தி. அதில் ஒரு பத்தி, அம்மையார் அன்று இரவு என்ன சாப்பிட்டாரோ என்ற கிண்டல். இன்னொரு பத்தி, அமெரிக்க இராணுவம் 143 பறக்கும் தட்டுகளைக் கண்டும் மூடி மறைக்கிறது என்ற பரபரப்பு. அவர் எத்தனை மணிக்குப் பார்த்தார், எந்தத் திசையில் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தார்? இந்த மூன்றைத் தேடிச் செய்தியை இரண்டு முறை படித்துவிட்டேன். கிடைக்கவில்லை. நிருபர் கேட்கவே இல்லையா, அல்லது இடமில்லை என்று நீங்கள் வெட்டிவிட்டீர்களா?

இந்தக் கேள்விகளின் அருமை எனக்கு 1986 டிசம்பரில் தெரிந்தது. அப்போது நான் தேசிய சேவையில், அதாவது கட்டாய இராணுவப் பணியில் இருந்தேன். ஓர் ஆகாயப் படைத் தளத்தில் காவல் கோபுரத்தின் மேல் நானும் ஒரு மலாய் நண்பரும் நின்றுகொண்டிருந்தோம். விடியற்காலை நாலரை மணி இருக்கும். இரவெல்லாம் பெய்த மழை விட்டு, மேகங்கள் கிழிந்து ஓடிக்கொண்டிருந்தன. வேலிக்கு அப்பால் மரங்களின் தலைக்குச் சற்று மேலே பளிச்சென்று ஒரு விளக்கு. சிவப்பாகவும் பச்சையாகவும் மாறி மாறி மின்னியது. இடப் பக்கம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. சத்தமே இல்லை. நண்பர் "ஹந்து" என்று முணுமுணுத்தார். பேய் என்பதற்கு மலாய்ச் சொல் அது. நான் துப்பாக்கியை இறுகப் பிடித்தேன். விளக்குக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது.

உடனே தகவல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பத்து நிமிடம் பேசாமல் நின்றோம். காரணம் ஒன்றுதான். சொன்னால், முகாம் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த வாரம் முழுவதும் எங்கள் பெயர்தான் ஊறுகாயாக இருந்திருக்கும். கடைசியில் பயம் வெட்கத்தை வென்று வாக்கிடாக்கியை எடுத்தோம்.

வந்தவர் ஒரு வாரண்ட் அதிகாரி. தூக்கம் கலைந்த முகம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, "முதலில் எத்தனை மணிக்குப் பார்த்தாய்?" என்றார். பிறகு என்னைக் கோபுரத்தின் கம்பத்தோடு தலையை ஒட்டி நிற்க வைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார். எதிரே இருந்த கிடங்கின் தகரக் கூரை விளிம்பில் விளக்கு தொட்டுக்கொண்டு நின்றது. "அசையாதே" என்று சொல்லிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி சிகரெட்டைப் பற்ற வைத்தார். பத்து நிமிடம் கழித்துக் கையை நீட்டி அளக்கச் சொன்னார். விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை விரல் மேலே போயிருந்தது. இடப் பக்கம் ஓடியதாகத் தெரிந்த விளக்கு அந்தப் பக்கம் ஒரு நூல்கூட நகரவில்லை. ஓடியது மேகம்தான். நம் ஊர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் கிழக்கே உதிப்பவை அதிகம் சாயாமல் அநேகமாகச் செங்குத்தாக ஏறும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். குறிப்பேட்டில் அவர் எழுதியது ஒரே வரி: நேரம், கிழக்கே சற்றுத் தெற்கு, வெள்ளிக் கோளாக இருக்கலாம், நாளை இதே நேரம் பார்க்கவும். மறுநாள் அதே இடத்தில் அது உதித்தது.

வார விடுப்பில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். "விடிவெள்ளியைப் பார்த்தா பயந்தாய்? அதைப் பார்த்துத்தானே நாங்கள் மாட்டுக் கொட்டகைக்குப் போவோம்" என்று சிரித்தார். எங்கள் அதிகாரி சிரிக்காத சிரிப்பையும் சேர்த்து அவரே சிரித்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைத்தது. 2012, 2013 ஆண்டுகளில் லடாக் எல்லையில் இந்திய இராணுவம் பல மாதங்களாக வானில் மர்மப் பொருள்களைப் பார்த்துக் குறித்து வந்தது. சீனாவின் உளவு விமானங்களோ என்ற சந்தேகம். அந்தக் குறிப்புகளைப் பெங்களூரு இந்திய வானியற்பியல் ஆய்வகத்தின் வானியலாளர்கள் சரிபார்த்தார்கள். ஒன்று வியாழன், மற்றொன்று வெள்ளி. ஆனால் அந்தச் சிப்பாய்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. நேரமும் திசையும் எழுதி வைத்திருந்ததால்தானே கணக்குப் போட முடிந்தது?

உடனே 'எல்லாம் வெள்ளிதான்' என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் ஒரு கதை இருக்கிறது. 1948 ஜனவரி 7 அன்று அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தாமஸ் மேன்டெல் என்ற 25 வயது விமானி, வானில் தெரிந்த ஒரு பெரிய பொருளைத் துரத்தி மேலே மேலே ஏறினார். விமானத்தில் பிராணவாயு இல்லை. நினைவிழந்து விழுந்து இறந்தார். விசாரித்தவர்கள் முதலில் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? வெள்ளிக் கோள். பட்டப்பகலில்! கடற்படை இரகசியமாகப் பறக்கவிட்ட ஸ்கைஹூக் என்ற இராட்சத பலூனாக இருக்கலாம் என்பது பின்னால்தான் தெரிந்தது. அந்தத் திட்டம் பற்றி விமானப்படை விசாரணையாளர்களுக்கே தெரியாது. இராணுவத்தின் வலக் கை செய்ததை அதன் இடக் கை விசாரித்தது. 'மறைக்கிறார்கள்' என்ற சந்தேகம் மக்களுக்கு எங்கிருந்து வருகிறது என்றால், இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான். 1966-இல் மிச்சிகனில் பலர் பார்த்த ஒளிகளைச் சதுப்பு நிலத்து வாயுவாக இருக்கலாம் என்று விமானப்படையின் ஆலோசகரான வானியலாளர் ஆலன் ஹைனெக் சொல்ல, ஊரே கொதித்தது. பிற்காலத்தில் ஹைனெக்கே அந்த விசாரணை முறையைக் கடுமையாக விமர்சித்தார்.

பறக்கும் தட்டுகள் பற்றிய விமானப்படையின் அந்த விசாரணைக்குப் பெயர் புளூ புக். 1969-இல் மூடும்போது கணக்கில் இருந்தவை 12,618 தகவல்கள். அவற்றில் 701 அடையாளம் காணப்படாதவை. உங்கள் செய்தியில் வந்த 143-உம் இதே சாதிதான். 2021 ஜூனில் அமெரிக்க உளவுத் துறை வெளியிட்ட அறிக்கையில் 144 தகவல்கள் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் உறுதியாக விடை கிடைத்தது, அது காற்று இறங்கிய பெரிய பலூன். மீதி 143-க்கும் விடை சொல்லப் போதிய விவரம் இல்லை என்பதுதான் அறிக்கை சொன்னது. 'விவரம் போதவில்லை' என்பது உங்கள் நிருபர் கையில் 'மறைத்து வைத்தார்கள்' ஆகிவிட்டது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் விசாரணைப் பிரிவு, வேற்றுலகத் தொழில்நுட்பத்துக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. நம்பாதவர்கள் நம்பப் போவதில்லை, அதை விடுங்கள்.

அந்த 2021 அறிக்கையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். சொன்னால் ஏளனம் செய்வார்கள் என்ற அச்சத்தால் விமானிகள் வாய் திறப்பதில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். இதற்கென முறையான தகவல் ஏற்பாட்டை அமெரிக்கக் கடற்படை உருவாக்கியதே 2019-இல்தான். உலகத்திலேயே வலிமையான படைக்கும் எங்கள் காவல் கோபுரத்துக்கும் ஒரே வியாதி!

ரேடார் இருக்கும்போது கண் எதற்கு என்று கேட்பார்கள். மெதுவாக நகரும் சின்னப் பொருள்களையெல்லாம் காட்டினால் திரை முழுவதும் பறவையும் மழையுமாக நிரம்பிவிடும் என்பதால் ரேடார் அவற்றை வடிகட்டிவிடுகிறது. 2023 பிப்ரவரி 4 அன்று, தங்கள் நாட்டின் மேலே பறந்து வந்த சீன பலூனைச் சுட்டு வீழ்த்திய பிறகு அமெரிக்கர்கள் அந்த வடிகட்டியை மாற்றி அமைத்தார்கள். உடனே 10, 11, 12 தேதிகளில் நாளுக்கு ஒன்றாக மூன்று பொருள்களைச் சுட்டார்கள். வலைக் கண்ணைச் சிறிதாக்கினால் நெத்திலியும் ஏறத்தானே செய்யும்? அவை தனியார் பலூன்களாக இருக்கலாம் என்று அப்போதைய அதிபர் பைடனே பிறகு சொன்னார்.

நம் தீவுக்கு இது அந்நியக் கதை இல்லை. 2008 ஜனவரி 22 அன்று தாய்லாந்தின் கோ சமூய் தீவிலிருந்து வந்த ஒரு சிறிய செஸ்னா விமானம் அனுமதியின்றி நம் வான்வெளிக்குள் நுழைந்தபோது எஃப்-16 போர் விமானங்கள் பாய்ந்தன. சாங்கி விமான நிலையம் 50 நிமிடம் மூடிக் கிடந்தது. 2019 ஜூனில் சாங்கிக்கு அருகே பறந்த ஆளில்லா வானூர்திகளால் ஒரே இரவில் 37 விமானங்கள் தாமதமாயின. 'அடையாளம் தெரியாதது' என்றால் ஆகாயப் படைக்காரருக்கு வேற்றுலகப் பச்சை மனிதர்கள் நினைவுக்கு வர மாட்டார்கள். கேட்டால் பதில் சொல்லாத எதுவும் அவருக்கு அடையாளம் தெரியாததுதான்.

இனி அந்தப் பெண்மணி பார்த்த விளக்குகள். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் தெற்கே இருந்து கடல் மேலாக வந்து சாங்கியில் இறங்கும். நேராக நம்மை நோக்கி வரும் விமானத்தின் முகப்பு விளக்கு நிமிடக் கணக்கில் ஒரே இடத்தில் நிற்பதுபோலவே தெரியும். வரிசையாக மூன்று வந்தால் மூன்று விளக்கு. ஆனால் அவை வெள்ளை விளக்குகள். ஆரஞ்சு நிறம் இடிக்கிறது. வெள்ளையை ஆரஞ்சாகக் காட்டும் புகைமூட்டம் அன்று இருந்ததா என்று பார்க்க வேண்டும். எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஆபத்தில் சிக்கிய கப்பல்கள் சுடும் பாராசூட் வெளிச்சமும் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு மெல்ல இறங்கும். சிவப்பாக, நாற்பது வினாடி முதல் ஒரு நிமிடம் வரை எரிந்து அணைந்துவிடும். பல நிமிடம் நின்றிருந்தால் அது இல்லை. சட்டென்று அணைந்திருந்தால், அன்று கடலில் யாரோ உதவி கேட்டிருக்கலாம். நாமோ இரவு உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகவே நிருபரை மறுபடி அவரை அழைக்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் எரிந்தது என்பதை முதலில் கேட்கட்டும். மணி நினைவில்லை என்று அவர் சொன்னால், எத்தனை காலடி நடந்தோம் என்று கணக்கு வைக்கும் செயலி கைப்பேசியில் இருக்கிறதா என்று விசாரிக்கட்டும். விளக்கைப் பார்த்து அவர் நின்ற நிமிடங்கள் அதில் வெற்றிடமாகப் பதிந்திருக்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் தேசிய சேவையாளர்,
ஈசூன்