கறுத்த பழமெல்லாம் மருந்தடித்த பழம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வெட்டிவைத்த பழம் கறுத்தால் அது மருந்தடித்த பழம் என்று ஒரு வீடியோ எங்கள் பக்கம் போனுக்குப் போன் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை நம்பி, களுவாஞ்சிகுடிச் சந்தையில் புள்ளி விழுந்த வாழைப்பழச் சீப்பை எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பவர்களைக் காண்கிறேன். நட்டமெல்லாம் படுவான்கரையில் இருந்து குலை கொண்டுவருகிறவர்களுக்குத்தான். உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறவன் நான். இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

பழத்தைக் கறுக்கவைப்பது அதற்குள்ளேயே இருக்கும் ஒரு நொதியம், அதாவது இரசாயனத் தாக்கங்களை வேகப்படுத்தும் ஒரு புரதம். பொலிபீனோல் ஒட்சிடேசு என்பார்கள். செம்பு அணுக்கள் இல்லாமல் இதற்கு வேலை ஓடாது. உயிருள்ள கலத்தில் பீனோல் என்னும் இரசாயனச் சேர்வைகள், கலத்தின் உள்ளே நீர்ப்பை போல இருக்கும் புன்வெற்றிடத்துக்குள் அடைபட்டிருக்கும், நொதியம் வேறோர் இடத்தில் இருக்கும். கத்தி பட்டு அல்லது நசுங்கிக் கலம் உடைந்தால் இரண்டும் கலக்கும், காற்றின் ஒட்சிசனும் வந்து சேரும். பீனோல் குயினோன் என்னும் வேறொரு சேர்வையாக மாறும், குயினோன்கள் ஒன்றோடொன்று பிணைந்து கபில நிறம் உண்டாகும். மலைநாட்டுக் கொழுந்து கசக்கப்பட்டுத் தேயிலையாக நிறம் மாறுவதும் இதே நொதியத்தால்தான். அதைக் காலை மாலை விரும்பிக் குடிக்கிறோம்.

சந்தையில் ஒரு குலையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். லொறியில் கட்டிய கயிறு அழுத்திய இடத்தில், அதன் முறுக்குக்கூடத் தெரியும்படி தோலில் கபிலக் கோடு விழுந்திருக்கும். உரித்தால் பெரும்பாலும் உள்ளே சதை வெள்ளையாகவே இருக்கும். புளித்த மணம் இராது, நீர் வடியாது. அழுகிய பழம் என்றால் சதை கூழாகி, மணம் மாறி, பூஞ்சணம் பிடித்திருக்கும். அதைக் கட்டாயம் எறியத்தான் வேண்டும்.

கனியக் கனியத் தானாக விழும் புள்ளியும் கெடுதல் இல்லை. வாழைக்காயில் 20 சதவீதம் அளவுக்கு இருக்கும் மாப்பொருள், நன்றாகக் கனிந்ததும் ஓரிரு சதவீதமாக இறங்கி, மிச்சமெல்லாம் சீனியாகிவிடும். தனின் கரையாத நிலைக்குப் போவதால் நாக்கைக் கட்டும் துவர்ப்பும் அடங்கிவிடும். புள்ளி விழுந்த கதலி இனிப்பது இதனால்தான். பிரிட்ஜில் வைத்த வாழைப்பழம் கறுப்பதற்கும் மருந்து காரணமில்லை. 12, 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் தோலின் கலங்கள் குளிரில் பழுதடைந்துவிடும்.

பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பழம் வெட்டி வைக்கும் தாய்மார் கொஞ்சம் தேசிக்காய்ச் சாறு தடவினால் போதும். சித்திரிக் அமிலம் நொதியத்தின் செம்பைப் பிடித்துக்கொள்ளும், விற்றமின் சி குயினோனைத் திரும்பவும் பீனோலாக்கிவிடும்.

கார்பைட் வைத்துப் பழுக்கவைப்பது வேறு விஷயம். அதில் ஆர்செனிக், பொஸ்பரஸ் கலந்திருக்கக்கூடும் என்பதால் அது உண்மையிலேயே ஆபத்தானது, அதிகாரிகள் விடக்கூடாது. ஆனால் கார்பைட் வைத்த பழமும் கறுக்கும், மரத்திலேயே பழுத்ததும் கறுக்கும். நிறத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. குலை ஏற்றுகிறவர்களும் இடையிடையே வாழைச்சருகு வைத்து, கயிற்றை இறுக்காமல் கட்டினால் பாதிக் கறுப்பு வராது.

உங்கள் விவசாயப் பக்கத்தில் அடிபட்ட பழம், அழுகிய பழம் இரண்டையும் உரித்துக் காட்டும் படங்களை அருகருகே போட்டு ஒரு விளக்கம் எழுதுங்கள், ஐயா. வீடியோ போன வீடுகளுக்கெல்லாம் அதுவும் போய்ச் சேரட்டும்.

இப்படிக்கு,
ஆசிரியர் ஒருவர்,
களுவாஞ்சிகுடி.