கொடிமலையில் கண்ட காளான்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை ஒழுங்காகப் போகிறது. இரவு ஷிப்ட்தான் உடம்புக்கு ஒத்துவரவில்லை. தோசைக்கும் வாழை இலைச் சாப்பாட்டுக்கும் இங்கே பஞ்சமில்லை. இதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிடு.

ஞாயிற்றுக்கிழமை கொடிமலைக்குப் போனோம். பினாங்கு மலையை இங்குள்ள தமிழர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். 1923 முதல் ஓடும் மலை ரயில், மேலே முருகன் கோயில் என்று எல்லாம் உண்டு. கும்பிட்டுவிட்டு நடந்தே இறங்கினோம். மழை விட்ட பாதையோரம், செத்த கிளை ஒன்று முழுக்கப் பளீரென்ற ஆரஞ்சுக் காளான்! ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகம் அளவு; பக்கவாட்டில் குட்டைக் காம்பு. கவிழ்த்துப் பார்த்தால், நம் ஊர்க் காளானின் அடியில் இருக்கும் மெல்லிய மடிப்புகளே இல்லை. ஓட்டை ஓட்டையாக இருந்தது. காம்புப் பக்கம் சிறிதும் பெரிதுமாக, ஒழுங்கே இல்லாமல்.

எங்கள் வீட்டில் உயிரியல் படிக்கும் பையன் ஒருவன் தங்கியிருக்கிறான். படத்தைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. ஃபாவோலாஷியா இனமாம். அதில் காலோசெரா என்ற வகையை 'ஆரஞ்சு பிங்பாங் மட்டை' என்கிறார்கள். மடகாஸ்கரில் முதலில் அறியப்பட்டது. இப்போது நியூசிலாந்து, இத்தாலி என்று ஊர் ஊராக முளைக்கிறது. உள்ளூர்க் காளான்களின் இடத்தை இது பிடித்துக்கொள்ளுமோ என்று நியூசிலாந்தில் கவலைப்படுகிறார்கள். "அப்படியானால் இது அதுதானே?" என்றேன். அவன் தலையாட்டவில்லை. இந்தப் பக்கத்துக் காடுகளில் இதே சாயலில் உறவுக்காரக் காளான்கள் உண்டாம். வித்துகளை நுண்ணோக்கியில் அளக்க வேண்டும், மரபணுவும் பார்க்க வேண்டும் என்றான். நான் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்ததற்குத் திட்டு வேறு: அழுகிவிடுமாம், காகிதத்தில் சுற்றி உலர்த்த வேண்டுமாம். எந்த மரத்துக் கிளை என்று கேட்டான். அதுவும் எனக்குத் தெரியவில்லை. பெயர் சொல்ல அவன் அவசரப்படாதது எனக்குப் பிடித்தது. நம் பெரியப்பாவாக இருந்தால் அந்த நிமிடமே பெயர் வைத்திருப்பார்!

அம்மா பயப்பட வேண்டாம், ஒன்றையும் வாயில் வைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து மரக்கன்றுகளோடு ஆஸ்திரேலியாவுக்குப் போன மரணத்தொப்பிக் காளானை, உண்ணத்தக்க வைக்கோல் காளான் என்று நினைத்துக் கான்பெராவில் சமைத்துச் சாப்பிட்டவர்களில் இருவர் 2012-இல் இறந்துபோனார்கள். அதையும் அவன்தான் சொன்னான். சந்தையில் வாங்கும் சிப்பிக்காளான் எனக்குப் போதும்.

இடி இடித்ததும் அம்மா புற்றுக்காளான் பறிக்கக் கிளம்பினால் நீயும் கூடப் போ. பணம் இந்த வாரம் அனுப்புகிறேன். மாமாவின் கடனை அடைத்துவிட்டு எழுது.

அன்புத் தம்பி,
குமார்