நனைத்துப் பார்க்காமல் பெயர் வைக்காதே

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை, முழங்கால்தான். நாலரை அடி ஆழ மண் ஆய்வுக் குழியில் இறங்கி ஏறியதற்குக் கிடைத்த கூலி. மகள் திட்டித் தீர்த்துவிட்டாள். பேரனைப் பார்க்க வந்த இடத்தில் எதற்கு இந்த வேலை என்கிறாள். அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? யாரோ குழி வெட்டியிருக்கிறார்கள் என்றால் எட்டிப் பார்க்காமல் நம்மால் நடக்க முடியுமா, நீயே சொல்.

நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தின் கிழக்குக் கோடியில், புல்மன் என்ற ஊரில். தலைநகர் வாஷிங்டன் இல்லை, அது நாட்டின் அந்தப் பக்கம். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேய்ச்சல் நிலங்களில் மண் ஆய்வு செய்பவர். நான் முப்பது வருடம் அதே தொழிலில் இருந்தவன் என்று தெரிந்ததும், ரிட்ஸ்வில் பக்கம் போகிறேன், வருகிறீர்களா என்று கேட்டார். ஒன்றரை மணி நேரக் கார்ப் பயணம். மரமே கிடையாது. நம் கரிசல் காட்டுக்கு இருக்கிற வெட்டவெளிதான், ஆனால் அலை அலையாக மேடும் பள்ளமும். எங்கே பார்த்தாலும் கொத்துக் கொத்தாகப் புல், நடுநடுவே சாம்பல் பச்சை நிறத்தில் சேஜ்பிரஷ் செடி. அதன் இலையைக் கசக்கி முகர்ந்தபோது ஒரு நிமிடம் திருவிழாக் கடைத்தெரு ஞாபகம் வந்துவிட்டது. மரிக்கொழுந்தும் அதுவும் ஒரே பேரினம், ஆர்ட்டெமிசியா. வாசனை அச்சாக அதே இல்லை, இது கொஞ்சம் கற்பூரம் கலந்த மாதிரி. ஆனால் சொந்தக்காரர்கள்தான் என்று மூக்குக்குத் தெரிந்துவிடுகிறது.

சரி, மண்ணுக்கு வருகிறேன். அங்கே இருப்பது முழுக்க லோயஸ், காற்று கொண்டுவந்து கொட்டிய வண்டல். வகுப்பில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம், ஒரு கைப்பிடி தொட்டுப் பார்த்ததில்லை. தொட்டால் அரிசி மாவு. ஈரப்படுத்தி விரலிடுக்கில் பிதுக்கினால் நாடா வருகிற மாதிரி வந்து ஒரு அங்குலத்துக்குள் அறுந்துவிடுகிறது. வாத்தியார் சொல்லித் தந்த மாதிரி முன்பல்லில் வைத்தும் பார்த்தேன் (பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார், அப்புறம் அவரும் வைத்துப் பார்த்தார்). மணல்போல் நறநறவென்று இல்லை, களிபோல் வழவழப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவே லேசாக ஒரு உரசல். அவ்வளவு மிருதுவான மண் குழிச் சுவரில் செங்குத்தாக நிற்கிறது, சரியவில்லை. நம் தேரி மணலில் இப்படி ஒரு குழி வெட்டியிருந்தால் நம்மையும் சேர்த்து மூடியிருக்கும். அதுவும் காற்றடித்துச் சேர்ந்ததுதான், ஆனால் அது மணல், காற்றில் உருண்டு தாவிக் கொஞ்ச தூரம்தான் போகும். இந்தத் தூள் ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே, பறந்தே வந்தது.

எங்கிருந்து வந்தது என்பதுதான் நான் உனக்குச் சொல்ல ஆசைப்பட்ட கதை. பனியுகக் கடைசியில், ஐடஹோவில், மொன்டானா எல்லையை ஒட்டி ஒரு பனிநாக்கு ஆற்றை மறித்து, மேற்கு மொன்டானாவில் மிசூலா என்று ஒரு பெரிய ஏரி தேங்கி நின்றிருக்கிறது. அணையின் பக்கம் ஆழம் சுமார் 600 மீட்டர். பனி அணை உடைந்தால் ஏரி மொத்தமும் இந்த மாநிலத்தின் மேல் பாய்ந்து கடலுக்குப் போகும். மறுபடி பனி மறிக்கும், மறுபடி உடையும், இப்படிப் பல தடவை. வெள்ளம் போன வழியில் மண்ணெல்லாம் உரிந்து கருங்கல் எரிமலைப்பாறை வெளியே வந்து நிற்கிறது, இன்றைக்கும் பார்க்கலாம். தெற்கே ஒரு குறுகலான மலை இடுக்கில் வெள்ளம் தேங்கி வண்டலைப் படியவிட்டது. அது காய்ந்ததும் தென்மேற்குக் காற்று அள்ளிக்கொண்டு வந்து இங்கே தூவியது. இப்படி ஒரு பெருவெள்ளம் நடந்தது என்று 1923இல் ஜே ஹார்லன் பிரெட்ஸ் எழுதியபோது பெரிய புவியியலாளர்கள் யாரும் நம்பவில்லை. கடைசியில் 1979இல் அமெரிக்கப் புவியியல் கழகத்தின் பென்ரோஸ் பதக்கம் கொடுத்தார்கள், அப்போது அவருக்குத் தொண்ணூறு வயது தாண்டியிருந்தது. தன்னோடு சண்டை போட்டவர்கள் எல்லோரும் செத்துப் போய்விட்டார்கள், ஜம்பமடிக்க ஆளில்லை என்கிற மாதிரி அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. நம் துறையில் இதைவிட நல்ல ஜோக் நான் கேட்டதில்லை.

காற்று தென்மேற்கிலிருந்து வந்ததால் பருமனான தூள் முதலில் விழுந்து, நைசானது தூரம் போயிருக்கிறது. மழையும் அதே திசையில் கூடிக்கொண்டே போகிறது. ஒத்தெல்லோ பக்கம் வருடத்துக்கு 200 மில்லிமீட்டர் அளவில், அங்கே இருப்பது ஷானோ என்ற மண், வெளிறிப்போன அரிடிசால், அதாவது வறண்ட பூமி மண் வகை. ரிட்ஸ்வில்லில் 250க்கும் 300க்கும் இடையே, கோவையில் பெய்வதில் பாதிகூடத் தேறாது. இன்னும் கிழக்கே வால்லா வால்லா மண். புல்மன் வந்தால் 500க்கு மேல், மண் நல்ல கறுப்பு, பலூஸ் என்று பெயர். ஒரே தூள், ஒரே காற்று, இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் வெளுப்பிலிருந்து கறுப்புக்கு வந்துவிடலாம். மழை மண்ணை என்ன செய்கிறது என்று பாடம் நடத்த இதற்கு மேல் ஒரு இடம் தேட வேண்டியதில்லை.

இப்போது என் மானம் போன கதை. குழி வெட்டிய இடம் ஏர் படாத சரிவு. மேலே பாசியும் லைக்கனும் சேர்ந்த மெல்லிய பொருக்கு, மிதித்தால் பிஸ்கட் மாதிரி நொறுங்குகிறது, ஒருமுறை நொறுங்கினால் பழையபடி வரப் பல வருடம் ஆகுமாம், ஆகவே கல்லில் கால் வைத்து நடக்கச் சொன்னார். குழிச் சுவரைப் பார்த்தேன். மேலே சாம்பல் பழுப்பு, கீழே வெளிர் பழுப்பு, இடுப்பளவு ஆழத்தில் வெள்ளை நூல் நூலாகச் சுண்ணாம்பு. அமிலம் விட்டதும் நுரைத்தது. நம் ஊர்ச் சுக்கான் கல்போல் உருண்டு திரளவில்லை, வேர்த் துளைகளில் கோலம் போட்ட மாதிரி மட்டும் இருந்தது. வறண்ட பூமி, வெளிறிய மேல்மண், அடியில் சுண்ணாம்பு. நான் யோசிக்கவே இல்லை, "அரிடிசால்" என்று கம்பீரமாகச் சொன்னேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சின்னக் கட்டியை எடுத்து, மண் நிறத்தை ஒப்பிடும் மன்செல் நிறச்சில்லுப் புத்தகத்தில் வைத்தார், 10 ஒய்.ஆர். தாளில் 5/2 (முதல் எண் வேல்யூ, அதாவது வெளிர்மை; இரண்டாவது நிறச்செறிவு). அப்புறம் தண்ணீர் தெளித்தார். கண்ணெதிரே கறுத்தது, 3/2. அவ்வளவுதான், என் கதை முடிந்தது. உனக்கு ஞாபகமிருக்குமே, மாலிக் மேலடுக்கு, அதாவது கரிமம் சேர்ந்து கறுத்த மேல்மண் என்றால், காய்ந்தபோது வேல்யூ 5க்கு மேல் போகக் கூடாது, நனைந்தபோது 3க்கு மேல் போகக் கூடாது, கரிமம் 0.6 சதவீதமாவது இருக்க வேண்டும், போதிய கனமும் வேண்டும். எல்லாம் இருந்தது. அப்படி மேலடுக்கு உள்ள மண் வகைதான் மாலிசால், இதுவும் அதுதான், உக்ரைன் கறுப்பு மண்ணின் ஏழைத் தங்கச்சி. மண்ணை நனைத்துப் பார்க்காமல் வாயைத் திறக்காதே என்று எத்தனை பயிற்சியாளர்களிடம் நான் எரிந்து விழுந்திருப்பேன்!

இந்த மண்ணின் முழுப் பெயரைக் கேட்டால் நீ சிரிப்பாய். "கோர்ஸ்-சில்ட்டி, மிக்ஸ்ட், சூப்பராக்டிவ், மீசிக் கால்சிடிக் ஹேப்லோசெரால்ஸ்." மளிகைக் கடைச் சிட்டை மாதிரி இருக்கிறது, ஆனால் வாலிலிருந்து படித்தால் பெரும்பாலும் குழியில் பார்த்ததுதான். 'ஆல்' என்றால் மாலிசால். 'செர்' என்பதில்தான் இந்த ஊரின் உயிர் இருக்கிறது. மழையும் பனியும் குளிர்காலத்தில் வருகின்றன, செடிகள் தூங்கும்போது. ஆவியாகாமல் மெதுவாக உள்ளே இறங்கிவிடும். கோடை முழுக்க ஒரு சொட்டு கிடையாது. சூரியன் வடகோடிக்குப் போன பிறகு நாலு மாதத்துக்குள், 45 நாளுக்குக் குறையாமல் மண் தொடர்ந்து உலர்ந்து கிடக்க வேண்டும் என்பது விதி. வெயிலும் மழையும் கைகோத்து வருகிற நம் பக்கத்துக் கணக்குக்கு நேர் எதிர். இந்த வண்டல் மண் மட்டும் இல்லையென்றால் இங்கே புல்கூடப் பிழைக்காது. அந்தக் குளிர்காலத் தண்ணீரை ஸ்பாஞ்சுபோல் பிடித்து வைத்து மே, ஜூன் வரை சிக்கனமாகக் கொடுக்கிறது. 'ஹேப்லோ' என்றால் விசேஷம் ஒன்றுமில்லை என்று அர்த்தம். 'கால்சிடிக்' அந்தச் சுண்ணாம்பு நூலுக்கும், பாலைவனத்தின் ஓரத்தில் நிற்பதற்கும். 'கோர்ஸ்-சில்ட்டி' என்றால் களி 18 சதவீதத்துக்கும் கீழே. 'சூப்பராக்டிவ்' கேட்கத்தான் சினிமா டைட்டில், இருக்கிற கொஞ்சக் களியும் சத்தைக் கெட்டியாகப் பிடித்து வைக்கிற ஜாதி, அவ்வளவுதான்.

அப்புறம் வேலியைத் தாண்டி அந்தப் பக்கம் போனோம். ஒரு காலத்தில் கோதுமை போட்ட நிலமாம், ஒரு வருடம் விதைப்பு, ஒரு வருடம் தரிசு. தரிசு வருடத்தில் மேலே புழுதிதான், காற்று எப்படிக் கொண்டுவந்ததோ அப்படியே கொண்டுபோயிருக்கிறது. இப்போது சீட்கிராஸ் மட்டும் மண்டிக் கிடக்கிறது. கோடை தொடங்கும்போதே காய்ந்து பற்றி எரியக் காத்திருக்கிற ஒருபருவப் புல், வேரும் ஆழம் போகாது. மண்ணைத் துளைத்து எடுக்கும் ஆகரை இறக்கிப் பார்த்தோம். காய்ந்தது 6/3, நனைந்தது 4/3. மாலிக் போய்விட்டது. நான் இந்தத் தடவை ஜாக்கிரதையாக, "அப்போ இதுதானே அரிடிசால்?" என்று கேள்வியாகக் கேட்டேன். அதுவும் தப்பு! மழை மாறவில்லையே, நிறம்தானே போயிற்று, ஆகவே இன்செப்டிசால், அதாவது அடுக்குகள் இன்னும் முழுதாக உருவாகாத மண் வகை, பக்கம் போகும் என்றார். ஒரே நாளில் இரண்டு தடவை தோற்றேன், மாப்பிள்ளை.

அந்தக் காலத்தில் விடுதி மொட்டைமாடியில் நாம் வாதாடியது நினைவிருக்கிறதா? ஒரு நிறச்சில்லு வித்தியாசத்தில் மண் வகையையே மாற்றுவது பைத்தியக்காரத்தனம் என்று நான் சொன்னேன், நீ 1975இல் வந்த அமெரிக்க மண் வகைப்பாட்டுப் புத்தகத்துக்கு வக்கீலாக நின்றாய். இப்போது உன் கட்சிக்கு வருகிறேன், முழுசாக இல்லை, முக்கால்வாசி. அந்தக் கறுப்பு கொத்துப்புல்லின் வேர் ஆயிரக்கணக்கான வருடம் செத்துச் செத்துச் சேர்த்தது. வேலிக்கு அந்தப் பக்கம் அது போய்விட்டது என்றால், பெயர் மாறத்தான் வேண்டும். ஆனால் ஒன்று, அந்தப் பெயரில் சில்வண்டுக்கு இடமே இல்லை. இந்த மண் முழுக்க விரல் கனத்தில் உருளை உருளையாக அடைபட்ட வளைகள். சேஜ்பிரஷ் வேரை உறிஞ்சிக்கொண்டு வருடக்கணக்கில் மண்ணுக்குள் இருக்கிற சில்வண்டுக் குஞ்சுகள் குடைந்தவை. ஆழத்தில் புதைந்த பழைய அடுக்குகளில் அந்த வளைகள் சுண்ணாம்பில் இறுகிக் கிடக்கும், அதை வைத்து எந்தக் காலத்தில் இங்கே சேஜ்பிரஷ் ஆண்டது என்றே சொல்கிறார்கள். குழிச் சுவரில் கண்ணை உறுத்துகிற விஷயம் அதுதான், பெயரிலோ ஒரு எழுத்துகூட இல்லை. மீதிக் கால்வாசி என் கட்சியிலேயே இருக்கட்டும்.

1980 மே 18இல் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை வெடித்தபோது ரிட்ஸ்வில் ஊர் பகலிலேயே இருட்டிச் சாம்பலில் புதைந்ததாம். அந்தச் சாம்பலும் இப்போது இந்த மண்ணில்தான். காற்று இன்னும் கொட்டி முடிக்கவில்லை.

உன் பையன் கல்யாணத் தேதி முடிவானதும் எழுது, ஆவணிக்குள் என்றால் நான் வந்துவிடுவேன். கையளவு மண் கொண்டுவரச் சொன்னாயே, அனுமதி இல்லாமல் எல்லை தாண்டி மண்ணை எடுத்துவர முடியாது, உனக்குத் தெரியாததா. உன் பீரோவில் அந்தப் பழைய மன்செல் புத்தகம் இருக்கும், அந்துப்பூச்சி தின்றிருக்காவிட்டால் 10 ஒய்.ஆர். தாளைத் திற. 3/2 சில்லுதான் நனைந்த மண், அதே வரிசையில் மேலே 5/2 காய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்துக்குப் பக்கத்து வரிசையில் 4/3ஐப் பார். சில்லு வெளுத்துப் போயிருந்தால் என்னைக் குற்றம் சொல்லாதே.

உன் பழைய அறைத்தோழன்