விதைப்புக்கு முன்பே வாங்குபவரைத் தேடுங்கள்: டெல்டா உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் பாரம்பரிய நெல்லைக் கொள்முதல் செய்து அரிசியாக விற்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும் முதன்மைச் செயல் அலுவலர்களுக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில், பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் நடத்திய விதைத் திருவிழாக்களில் 2 கிலோ விதை வாங்கிப் போனவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படிக் கைமாறிக் கைமாறித்தான் பல ரகங்கள் மீண்டும் வயலுக்கு வந்தன. விதை வந்துவிட்டது, அரிசிதான் குடோனில் தேங்கிக் கிடக்கிறது.

காரணம், வேலை நடக்கும் வரிசை. எந்த ரகம், எத்தனை ஏக்கர் என்பதை ஆனி மாதக் கூட்டத்தில் முடிவு செய்கிறீர்கள். யாரிடம் விற்பது என்ற பேச்சு மாசியில், மூட்டை வந்து இறங்கிய பிறகுதான் எழுகிறது. 150 நாளைத் தாண்டும் மாப்பிள்ளைச் சம்பாவை நட்டுவிட்டு நடுவில் மனம் மாற முடியாது. ஆகவே வாங்குபவரைத் தேடும் வேலை ஆனிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

"யார் வாங்குவார்கள்?" என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "உடல்நலத்தில் அக்கறை உள்ள எல்லோரும்." அப்படி ஒரு கூட்டம் எந்தத் தெருவிலும் நிற்பதில்லை. கணக்குப் போட்டால் இது புரியும். 100 குவிண்டால் நெல்லை அரைத்தால் 6 முதல் 6.5 டன் அரிசி தேறும். 6 டன் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் ஒரு கிலோ கருப்புக் கவுனி வாங்கும் வீடுகளை நம்பினால், ஓராண்டில் அதை விற்றுத் தீர்க்க 500 வீடுகள் மாதம் தவறாமல் வாங்க வேண்டும். அதே 6 டன் சீரகச் சம்பாவாக இருந்தால், நாளுக்கு 20 கிலோ அரிசி போடும் ஒரே ஒரு பிரியாணிக் கடை பத்து மாதத்தில் தீர்த்துவிடும். இரண்டும் நல்ல சந்தைகளே. ஆனால் ஒன்றுக்கு 500 வீட்டுக் கதவைத் தட்ட ஆள் வேண்டும். மற்றதற்கு ஒரு மாஸ்டரின் நம்பிக்கை வேண்டும். உங்களிடம் எது இருக்கிறது என்று பார்த்து ரகத்தை முடிவு செய்யுங்கள்.

பிரியாணி மாஸ்டர் ஆரோக்கியம் பற்றிய நோட்டீஸைப் படிக்கமாட்டார். பழைய அரிசியா, கல் இருக்கிறதா, நொய் எவ்வளவு, அடுத்த லோடும் இதே மாதிரி வருமா, இவ்வளவுதான் அவர் கேட்பது. புது அரிசி தம்மில் குழைந்துவிடும். ஆறு மாதமாவது இருப்பு வைக்க வேண்டும் என்பதால், தை அறுவடைச் சரக்கு ஆடி வாக்கில்தான் காசாகும். அதுவரை உழவருக்குக் கொடுக்கப் பணமும் வட்டியும் தேவை. இதற்கு மேல் கடைக்காரர் ஒரு மாதக் கடன் கேட்பார். இந்த இரண்டையும் விலையில் சேர்க்காத நிறுவனங்கள்தான் "விற்றோம், ஆனால் நட்டம்" என்று முடிக்கின்றன. போட்டியும் உண்டு. மேற்கு வங்கத்தின் கோபிந்தபோக் போன்ற சிறுமணி அரிசியும் தென்னாட்டுக்கு வருகிறது. அதன் விலையைத் தெரிந்துகொள்ளாமல் கடைப் படி ஏறாதீர்கள். பாஸ்மதி போடும் கடையை விட்டுவிட்டு, ஆம்பூர், திண்டுக்கல் பாணியில் சமைக்கும் கடைகளுக்குப் போங்கள். ஐந்து கிலோ மாதிரியைக் கொடுத்து, அவர் அடுப்பில் அவர் கையால் வேகவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கவுனிக்கு வேறு வழி. முதல் பொட்டலம் வாங்கியவர் இரண்டாவதற்கு வராமல் போவது பெரும்பாலும் சமையலில் தோற்றதால்தான். பொன்னி போலக் களைந்து உலையில் போட்டால் கவுனி வேகாது. இரவு முழுக்க ஊற வேண்டும். வேலைக்குப் போகும் வீட்டில் இது நடப்பது அரிது. அந்த வீட்டுக்குத் தேவை கஞ்சிக்கான குருணையும் புட்டு மாவும் அவலும். முழு அரிசியை ஆண்டுதோறும் கேட்பவர்கள் செட்டிநாட்டுப் பக்கத்துச் சமையல் ஒப்பந்தக்காரர்கள்; விருந்தில் கவுனி அரிசி இனிப்பு வைப்பது அங்கே வழக்கம். காரைக்குடிக்கு ஒருமுறை போய், முகூர்த்த மாதங்களில் எவ்வளவு எடுப்பார்கள் என்று கேட்டு எழுதி வாருங்கள். விளம்பரத்துக்கு ஒதுக்கும் பணத்தைவிட அந்தப் பேருந்துக் கட்டணத்துக்குப் பலன் அதிகம்.

வீடுகளில் சோதிக்கும் முறை இது. நாற்பது வீட்டுக்கு அரைக்கிலோ பொட்டலம் கொடுங்கள், இலவசமாக அல்ல, முழு விலைக்கு. ஊறும் நேரம், தண்ணீர் அளவு, விசில் எண்ணிக்கை மூன்றும் ஒரு சீட்டில் இருக்கட்டும். முப்பதாம் நாள் போன் செய்து, "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள், முகதாட்சண்யத்துக்கு "நல்லா இருந்துச்சு" என்பார்கள். "இன்னும் எவ்வளவு மீதி இருக்கு?" என்று கேளுங்கள். தீர்ந்துபோய் மறுபடி கேட்பவர்தான் வாடிக்கையாளர். நாற்பதில் பத்துப் பேராவது அப்படித் தேறாவிட்டால், அரிசியை எந்த வடிவில் கொடுப்பது என்பதை மாற்றுங்கள். சென்னை அடுக்ககங்களுக்கு ஒவ்வொரு கிலோவாகக் கூரியரில் அனுப்பினால் அரிசி விலையை அனுப்பும் செலவு விழுங்கிவிடும். ஒரு அடுக்ககத்தில் பதினைந்து இருபது வீட்டு ஆர்டரைச் சேர்த்து, மாதம் ஒரு தேதியில் ஒரே இடத்தில் இறக்குங்கள்.

மொத்த நெல்லையும் ஒரே நாளில் அரைத்துவிடாதீர்கள். பட்டை தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய் இருக்கிறது. சில மாதங்களில் சிக்கு வாடை அடிக்கும், வண்டும் விழும். ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு மேல் போகாமல் காயவைத்து, நெல்லாகவே வைத்திருந்து, மாத ஆர்டருக்கு மட்டும் அரையுங்கள். பெரிய ஆலையில் சிறு லாட் போட்டால் முன்பு ஓடிய ரகத்தின் மிச்சம் கலந்துவிடும். சிவப்பு அரிசியில் நாலு வெள்ளை மணி தெரிந்தால் போதும், கலப்படம் என்று பேர் வந்துவிடும். சிறிய ஆலையைப் பிடித்து, முதல் சில கிலோவைத் தனியே ஒதுக்கச் சொல்லுங்கள்.

பொட்டலத்தில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று அச்சடிப்பதை இன்றே நிறுத்துங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட மோசம், அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிடக்கூடும். சான்று இல்லாமல் "இயற்கை" முத்திரையும் வேண்டாம். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொதிந்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. 26 கிலோ மூட்டைகள் சந்தைக்கு வந்தது அதன் பிறகுதான். கடைக்குப் போகும் மூட்டையின் எடையை முடிவு செய்யும் முன் உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வரும் ஆனிக் கூட்டத்தில் விதைப் பட்டியலோடு, ரகவாரியாக வாங்குபவர் பட்டியலையும் மேசையில் வைக்கச் சொல்லுங்கள்: பெயர், மாதத் தேவை, ஒப்புக்கொண்ட விலை, பணம் தரும் நாள். எந்த ரகத்துக்கு நேரே அந்தப் பட்டியல் காலியாக இருக்கிறதோ, அதை இந்த ஆண்டு விதைக்குத் தேவையான அளவு மட்டும் நடுங்கள்.

இப்படிக்கு,
பாரம்பரிய அரிசியை அரைத்து, பொதிந்து, விற்கும் சிலர்