கணித நாளில் 60-க்கும் இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கணிதமேதை ராமானுஜனின் பிறந்தநாளும் தேசியக் கணித நாளுமான டிசம்பர் 22 நெருங்கும்போதெல்லாம் அவரைப் பற்றிய கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் 1729 என்ற வாடகை வண்டி எண்ணின் கதையே திரும்பத் திரும்ப இடம்பெறுகிறது. அந்தக் கதை வேண்டாம் என்பதல்ல என் கருத்து. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து பார்க்கக்கூடிய அவருடைய ஆய்வு ஒன்று இருக்க, அதை எவரும் எடுத்துச் சொல்லாததுதான் கணிதம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு வருத்தம் தருகிறது.

1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வெளியான அவருடைய நீண்ட கட்டுரை, தமக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் (மீதியின்றி வகுக்கும் எண்கள்) கொண்ட எண்களைப் பற்றியது. 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அவ்வரிசை வளர்கிறது. மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்ததும் இந்த ஆய்வுக்காகவே.

60-ஐப் பகாக் காரணிப்படுத்தினால் 2²×3×5. அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்கினால் 3×2×2, அதாவது 12 காரணிகள். 64 பெரிய எண்ணாயினும் 2 மட்டுமே ஆறு முறை பெருகி வந்ததால் அதற்கு 7 காரணிகளே உண்டு. 90-க்கும் (2×3²×5) 12 காரணிகள்தாம். ஆனால் அதில் 3-க்கு உள்ள அடுக்கை 2-க்கு மாற்றிக் கொடுத்தால் அதைவிடச் சிறிய 60 கிடைத்துவிடுகிறது. எனவே இவ்வரிசையில் சிறிய பகா எண்ணின் அடுக்கு, பெரியதன் அடுக்கைவிட ஒருபோதும் குறையாது. அது மட்டும் போதுமா என்றால், போதாது: 2×3×5×7 ஆகிய 210-க்கு 16 காரணிகள்; 7-ஐ நீக்கி 2²-ஐப் பெருக்கினால் வரும் 120-க்கும் அதே 16. ஆகவே 210-க்கு வரிசையில் இடமில்லை. நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 60 விநாழிகை என்ற நம் பழங்கணக்கில் பாதி, மூன்றிலொன்று, கால், ஐந்திலொன்று யாவும் முழு எண்ணாகவே வருவதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ராமானுஜன் கணக்கிட்டுத் தந்த பெரும் பட்டியலில் 293318625600 என்ற எண் மட்டும் விடுபட்டுப்போயிற்று. அது 2⁶×3⁴×5²×7²×11×13×17×19. அதன் காரணிகளின் எண்ணிக்கையான 5040-உம் இதே வரிசையைச் சேர்ந்தது என்பதை ஒரு மாணவி தானே கண்டுகொண்டால் அவளுக்கு எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கும்!

வகுப்பறையில் பகாக் காரணிப்படுத்துதல் மீப்பெரு பொதுக் காரணி, மீச்சிறு பொது மடங்கு கண்டவுடன் முடிந்துவிடுகிறது. 1910-இல் ராமானுஜன் தம் நோட்டுப் புத்தகங்களோடு இந்தியக் கணிதச் சங்கத்தை நிறுவிய ராமசாமி ஐயரைத் தேடி வந்த திருக்கோவிலூர், கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னாற்காடு மாவட்டத்து ஊர். இந்தப் பகுதியின் பள்ளிகளுக்காகவாவது, வரும் டிசம்பரில் தங்கள் மாணவர் பக்கத்தில் இவ்வரிசையை வெளியிட்டு, 120-க்கு அடுத்த எண் எது என்று கேட்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.